வில்ஃப் பூசிய கோபுரம்

“இதைப் பூசினது யாருங்க?” என்று ஏணியின் மேலிருந்தே கேட்டாள் ஜூடித்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மேவிஸ் லெகட்டின் காதில் அது நன்றாகவே விழுந்தது. விழாதவளைப்போலக் கல்லறைத் தோட்டத்து யூ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மிசஸ் லெகட், கேக்குதா? இந்த சிமெண்ட்டு யார் வேலை?”

“அது ரொம்ப முன்னாடிங்க. ஊர்க்காரங்க சேர்ந்து பூசினது.”

“ஊர்க்காரங்கன்னா?”

“ஊர்க்காரங்கதான். காலைப் பாத்து வைங்க, அந்தப் படி கொஞ்சம் ஆடும்.”

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆல்டர்பி ஊரின் கிறிஸ்தவக் கோயிலைச் சோதிக்க ஒரு ஆர்க்கிடெக்ட் வரவேண்டும். முன்பு வந்துகொண்டிருந்த கிழவர் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அண்ணாந்து பார்ப்பார். மேவிஸ் சுட்ட கேக்கில் இரண்டு துண்டு சாப்பிடுவார். “நல்லா நிக்குது” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவார். அவர் ஓய்வு பெற்று இந்தப் பெண் வந்திருக்கிறாள். கேக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையில் சின்னதாக ஒரு சுத்தியல் வைத்துக்கொண்டு, கோபுரத்தை மருத்துவர் முதுகைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிக்கொண்டே போனாள். சில இடத்தில் கணீரென்று கேட்டது. பல இடத்தில் மொத்தென்று கேட்டது. மொத்தென்று கேட்ட ஒவ்வொரு முறையும் அவள் ஒன்றும் பேசாமல் சாக்குக்கட்டியால் ஒரு குறி போட்டாள். பேசினால் தேவலை என்றிருந்தது மேவிஸுக்கு.

“இதைக் கொஞ்சம் பாருங்க.”

ஜூடித் ஓர் உளியைக் கல் இடுக்கில் நுழைத்து லேசாக நெம்பினாள். சிமெண்ட் ஒரு தட்டு மாதிரி முழுசாகக் கழன்று அவள் கைக்கு வந்தது. அதன் பின்னால் கல் இருக்க வேண்டிய இடத்தில் ஈர நாட்டுச்சர்க்கரைபோல ஏதோ பழுப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்து மேவிஸின் சட்டைக் கையில் விழுந்தது.

“இது...”

“கல்லுதான். பேருதான் இரும்புக்கல்லு, ரொம்ப மெதுவானதுங்க. சுண்ணாம்புச் சாந்தா இருந்தா ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுடும். சிமெண்ட்டு விடாது. மழைத் தண்ணி எங்கயோ ஒரு விரிசல்ல உள்ள போகுது, திரும்பி வர வழி இல்ல. குளிர்ல உறையுது, உப்புது. வெளிய பாத்தா ராஜா மாதிரி நிக்குது, உள்ளுக்குள்ள அழுகிட்டு இருக்கு.”

“சும்மா விட்டிருந்தா?”

“பழைய சாந்து கொட்டியிருக்கும். அசிங்கமா இருந்திருக்கும். ஆனா கல்லு பொழைச்சிருக்கும்.” ஜூடித் கீழே இறங்கிக் கையைத் துடைத்தாள். “மணி அடிக்கிறீங்களா இப்போ?”

“வியாழக்கிழமை பயிற்சி. ஞாயித்துக்கிழமை காலையில.”

“இனிமே வேண்டாம்.”

“எது வரைக்கும்?”

“இந்த சிமெண்ட்டை எடுத்து, உள்ள இருக்கிறதைச் சரி பண்ற வரைக்கும். சில வருஷம் ஆகலாம். மேல தொங்கற ஆறு மணியும் சேர்ந்து சுத்தும்போது கோபுரமே ஆடும், தெரியும்ல?”

தெரியும். கல்யாணம் ஆன முதல் ஞாயிறே வில்ஃப் அவளை மேலே கூட்டிப்போய்ச் சுவரில் கை வைக்கச் சொல்லி அந்த ஆட்டத்தைக் காட்டியிருந்தான்.

“ஒரே ஒரு தடவை அடிக்கலாமா?” என்றாள் மேவிஸ். “ஒரு அடக்கத்துக்கு மட்டும்.”

“யாரோட அடக்கம்?”

“இன்னும் சாகல.”

ஜூடித் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏணியைப் பார்த்தாள், சாக்குக்கட்டிக் குறிகளைப் பார்த்தாள்.

“முடியாதுங்க. மன்னிச்சுக்கங்க.”

*

மேவிஸின் வீடு கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அந்தப்பக்கம். முன்னறை சன்னலுக்கு நேராக வில்ஃபின் கட்டிலைப் போட்டிருந்தார்கள், கோபுரம் தெரியட்டும் என்று. அவன் நுரையீரல் இரண்டும் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்தே இரவும் பகலும் கிடந்தான். குளிர்காலத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வில்ஃபிடம் நேராகத்தான் சொன்னார். “பரவாயில்ல டாக்டர், வசந்தகாலத்துல புல்லு வெட்ற வேலை மிச்சம்” என்றான் அவன்.

“என்ன சொன்னா அந்தப் பொண்ணு?” அவள் கோட்டைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டான்.

“கூரைத் தூம்புல இலை அடைச்சிருக்காம்.”

“இலை இருக்குன்னு சொல்ல ஒரு ஆர்க்கிடெக்ட்டா! என் கோபுரத்தைப் பத்தி?”

“நல்லா நிக்குதுன்னா.”

“நிக்காம என்ன? பூசினது யாரு!”

மேவிஸ் சமையலறைக்குப் போய்ச் சட்டைக் கையைத் தண்ணீரில் தேய்த்தாள். பழுப்புக் கறை போகவில்லை.

வில்ஃப் கட்டட வேலைக்காரன். பக்கத்து ஊரில் வரிசை வரிசையாக நிற்கும் வீடுகளில் பாதி அவன் கட்டியவை. ஊரெல்லாம் கிணறு வற்றிய அந்தக் கோடையில், கோபுரத்துச் சாந்து மாவாகக் கொட்ட ஆரம்பித்தது. காக்கைகள் இடுக்கில் கூடு கட்டின. விழுந்துவிடும் என்று எல்லோரும் பேசினார்கள், யாரும் ஏறவில்லை. வில்ஃப்தான் மணி அடிப்பவர்களைக் கூட்டி, பண்ணைகளில் கம்பம் வாங்கிச் சாரம் கட்டி, பகலில் கூலி வேலை செய்த கையோடு மாலையில் வந்து பூசினான். தான் கட்டிய வீடுகளுக்குப் போட்ட அதே நல்ல சிமெண்ட், கஞ்சத்தனம் பண்ணாமல். சுண்ணாம்பெல்லாம் கிழவிகள் முகத்துக்குப் பூசிக்கொள்ளும் பவுடர் என்பான். முடிந்ததும் பிஷப் வந்து கை குலுக்கினார். புல்வெளியில் மேசை போட்டுத் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆல்டர்பியில் யாரும் கோபுரத்தைப் பற்றிப் பேசினால் ‘நம்ம வில்ஃப் காப்பாத்தினது’ என்று சேர்த்துத்தான் பேசுவார்கள்.

கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவன்தான். கோபுரத்தில் பாதி உயரத்தில் கல்லின் நிறம் மாறும் இடத்தைக் காட்டுவான். “இந்த வரி வரைக்கும் கட்டினவங்க கொள்ளைநோய்ல செத்துட்டாங்க. மேல கட்டினது பொழைச்சவங்க. கட்டின கையில வித்தியாசம் தெரியுது பாருங்க, மேல இருக்கறவன் அவசரத்துல இருக்கான்.” பிறகு உள்ளே கூட்டிப்போய், வளைவுக்கு மேலே மங்கலாகத் தெரியும் சிவப்புக் கால் ஒன்றைக் காட்டுவான். ஒரு காலத்தில் அந்தச் சுவர் முழுக்க நியாயத்தீர்ப்பு நாள் ஓவியம் இருந்தது. கோயிலில் படம் கூடாது என்று அரசன் ஆட்கள் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். அந்த வெள்ளையையாவது சுரண்டி எடுத்திருக்கலாம். பிறகு வந்த ஓக்டன் பாதிரியார், கோயில் என்றால் வெறுங்கல்லாகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சுவர்ப்பூச்சையே ஓவியத்தோடு கொத்தித் தள்ளிவிட்டார். சாரம் எட்டாத மூலையில் ஒரு கால் மட்டும் தப்பியது.

“இதாங்க ஓக்டன் பாதிரியார் நமக்கு விட்டுட்டுப் போன சொத்து. ஒரு பிசாசோட காலு! மிச்சப் பிசாசெல்லாம் அவரோடயே போயிடுச்சு.” எல்லோரும் சிரிப்பார்கள். “நல்லது பண்றேன்னு வந்த மடையன் மாதிரி கெட்டவன் எவனும் இல்ல” என்று முடித்துவிட்டு, வெளியே ஓக்டன் கல்லறையைத் தாண்டும்போது துப்புவதுபோலப் பாசாங்கு செய்வான். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை, அதே துப்பல். மேவிஸுக்கு மனப்பாடம்.

*

“கிழவி, அந்தத் தோல்பட்டையை எடுத்து எண்ணெய் போடு.”

“போன வாரம்தானே போட்டேன்.”

“காஞ்சு போச்சுன்னா அன்னிக்கு அடிக்கும்போது பிஞ்சு விழும். அப்புறம் பேய் கத்தற மாதிரி கேக்கும். எனக்கு அசிங்கம்.”

மணி அடிப்பவன் செத்தால் மணியின் நாக்குக்கு ஒரு பக்கம் மட்டும் தோல்பட்டை கட்டி அடிப்பது அவர்கள் வழக்கம். ஒரு அடி கணீரென்று விழும், அடுத்த அடி அதன் எதிரொலி மாதிரி மொத்தென்று விழும். வில்ஃப் தன் தந்தைக்கு அப்படி அடித்தான். தன் கூட்டத்தில் செத்த ஒவ்வொருவருக்கும் அடித்தான். பட்டைகள் அவன் மேசை இழுப்பறையிலேயே இருந்தன. அடக்க ஜெபத்தில் எந்தப் பாட்டு, எந்த வசனம் என்று இப்போதைய பெண் பாதிரியார் கேட்டபோது, “உங்க இஷ்டம். மணியை மட்டும் ஒழுங்கா அடிங்க” என்றான்.

அன்றிரவே மேவிஸ் கட்டிலின் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாக எண்ணெய் தேய்த்தாள். இனி எந்த நாக்கிலும் அவை ஏறப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே தேய்த்தாள்.

வியாழன் மாலை வந்தது. கோபுரம் சும்மா நின்றது.

“மணி எங்க?” என்றான் வில்ஃப்.

“கயிறெல்லாம் பழுது பாக்க அனுப்பியிருக்காங்க.”

“எல்லாக் கயிறுமா? ஒரே நேரத்துலயா? எந்தக் கழுதை அனுப்பினது?”

“ரோலண்டு.”

“அதானே. அவன் தலையில தொப்பி வைக்கத்தான் இடமிருக்கு.”

ரோலண்ட் பாஸ்க் மேவிஸோடு கோயில் பொறுப்பைப் பார்ப்பவன். வில்ஃபுக்குப் பிறகு பெரிய மணி அவன் கையில். அந்தக் கோடையில் இளவட்டமாகச் சிமெண்ட் கலந்து வாளி வாளியாக மேலே அனுப்பியவனும் அவன்தான். மறுநாள் மேவிஸ் கோயிலில் பூக்களை மாற்றிக்கொண்டிருந்தபோது தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தான்.

“கயிறுக்கு நான்தான் கெடச்சேனா, மேவிஸ்?”

“வேற யாரைச் சொல்றது?”

“சொல்லுங்க, அது ஒண்ணும் இல்ல. ஆனா கோபுரத்தைச் சுத்தி வேலி போடணும், அறிவிப்புப் பலகை வைக்கணும். யார் தலையிலயாவது விழுந்தா?”

“வாசப் பக்கம் போடு. எங்க சன்னலுக்குத் தெரியற பக்கம் வேண்டாம்.”

“மழைகிட்டயும் அந்தப் பக்கம் வேண்டாம்னு சொல்லுவீங்களா?” ரோலண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். “அவன்கிட்ட சொல்லிடலாம் மேவிஸ். எனக்குத் தூக்கமே இல்ல. நானும்தானே கலந்தேன். ரெண்டு பேருமா உக்காந்து திட்டிக்கிட்டா கொஞ்சம் கொறையும்.”

“உனக்குக் கொறையும். அவருக்கு?”

“சரி. அவன் போற வரைக்கும் மறைச்சிட்டீங்கன்னே வைங்க. அன்னிக்கு மணி அடிக்காதே? அன்னிக்கு என்ன சொல்லப்போறீங்க?”

“அன்னிக்கு அவர் கேக்க மாட்டாரு.”

சொன்னபிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த வாடிய சாமந்திப் பூவைக் கசக்கிவிட்டிருந்தாள்.

“அவன் சாகணும்னு காத்திருக்க வேண்டியதா ஆயிடுச்சு, பாத்தீங்களா?” என்றான் ரோலண்ட், மெல்ல.

“வெளிய போ, ரோலண்டு.”

*

நவம்பரில் பெருங்காற்று அடித்தது. யூ மரம் மதில்மேல் படுத்துப் படுத்து எழுந்தது. மேவிஸ் கஞ்சி கொண்டுவந்தபோது வில்ஃப் கண்ணைச் சன்னலிலிருந்து எடுக்கவில்லை.

“ஏன் கிழவி, கயிறு இன்னுமா வரல?”

“வந்துடும். அடுத்த வாரம்னு சொன்னாங்க.”

“நான் போன பிறகு வருமோ என்னவோ.”

“சும்மா இரு. உனக்கு மணி அடிக்காம யாருக்கு அடிக்கப்போறாங்க? ஊரே வந்து...”

அந்தச் சொல் முடியும்முன் கோபுரத்திலிருந்து அது கழன்றது. கதவு அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பலகை, ஒரே துண்டாக, கொள்ளைநோய் வரிக்குக் கீழேயிருந்து சாய்ந்து, காற்றில் ஒரு கணம் தயங்கி, கல்லறைகளுக்கு நடுவே விழுந்து நொறுங்கியது. அது இருந்த இடத்திலிருந்து பழுப்புத்தூள் புகைபோலக் காற்றில் பறந்தது. பிறகு ஒரு முழுக்கல் உதிர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி மேவிஸ் நின்றாள். வில்ஃப் முழங்கையை ஊன்றி எழ முயன்றான். ஒரு கட்டட வேலைக்காரனுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“பின்னாடி கல்லே இல்ல” என்றான். பிறகு, “ஈரம். உள்ள ஈரம் நின்னிருக்கு.” அவள் பக்கம் திரும்பினான். “இலை அடைச்சிருக்குன்னு சொன்னே?”

அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

“மேவிஸ். கயிறு எங்க இருக்கு?”

“கோபுரத்துல. அது எடத்துலயேதான் இருக்கு.”

“எத்தனை நாளா தெரியும் உனக்கு?”

“அந்தப் பொண்ணு வந்த நாள்லேர்ந்து.”

“அன்னிக்கு ராத்திரி உக்காந்து பட்டைக்கு எண்ணெய் போட்டியே! அடிக்காத மணிக்கு! நானும் பல்லைக் காட்டிட்டு, நல்லாத் தேய்டின்னு சொல்லிட்டுக் கெடந்தேன்!”

“உனக்கு நோவக் கூடாதுன்னுதான்...”

“நல்லது பண்ணே. நல்லாவே பண்ணே.” இருமல் வந்து அவனை உலுக்கியது. அவள் தண்ணீர் நீட்டினாள், கையைத் தட்டிவிட்டான். “எனக்கும் சிமெண்ட்டு பூசிட்டியேடி. வெளிய சிரிச்சிட்டு நிக்கட்டும், உள்ள அழுகட்டும்னு.”

அதன்பிறகு அவன் அவளோடு பேசவில்லை. மருந்து கொடுத்தால் வாங்கினான், போர்வை இழுத்துவிட்டால் சும்மா இருந்தான். வந்து போன நர்ஸிடம் கிரிக்கெட் பற்றிப் பேசினான். மேவிஸ் அறைக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டான். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த வாழ்க்கையில் அவன் கத்தியிருக்கிறான், தட்டை எறிந்திருக்கிறான், பேசாமல் இருந்ததில்லை. அவள் சமையலறையில் நின்றே சாப்பிட்டாள்.

*

ஒரு நாள் காலையில் அவனாகவே வாய் திறந்தான்.

“ரோலண்டைக் கூப்பிடு. சக்கர நாற்காலியைக் கொண்டாரச் சொல்லு. அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு.”

“இந்தக் குளிர்லயா? டாக்டர்...”

“டாக்டர் கோபுரமா பூசினாரு?”

ரோலண்ட் நாற்காலியைத் தள்ள, மேவிஸ் ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஜூடித் தலைக்கவசத்தோடு கோபுரத்தடியில் காத்திருந்தாள். அவன் தலைக்கும் ஒன்றை மாட்டினாள். வேலிக்குள் போனதும் வில்ஃப் கையை நீட்டி, சிமெண்ட் கழன்று சுவரின் அடியிலும் வாய் பிளந்திருந்த பொந்துக்குள் விட்டான். மணிக்கட்டு வரை போனது. முழங்கை வரை போனது. உள்ளங்கை நிறைய ஈரத்தூளை அள்ளி எடுத்து, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொள்ளைநோய்ல செத்தவன் வெட்டின கல்லு இது” என்றான். “அவனை நோய் கொன்னுச்சு. அவன் கல்லை நான் கொன்னுட்டேன்.”

“நானும்தான்” என்றான் ரோலண்ட்.

“நீ வாளி தூக்கினவன். பெருசா பங்குக்கு வராதே.”

ஜூடித் குனிந்தாள். “மிஸ்டர் லெகட், அந்தக் காலத்துல எல்லாரும் இதைத்தான் செஞ்சாங்க. எங்க தொழில்ல இருந்தவங்களே சிமெண்ட்டு போடுங்கன்னுதான் சொன்னாங்க. நாட்டுல பாதிக் கோயில் இப்படித்தான் இருக்கு.”

“ஓக்டனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். எல்லாரும் கொத்தினாங்க, நானும் கொத்தினேன்னு.” வில்ஃப் அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீ போடப்போற சுண்ணாம்பு? நாளைக்கு ஒருத்தி வந்து இதே மாதிரி தட்டிப் பாத்து உன்னைத் திட்ட மாட்டாளா?”

“திட்டலாம். எனக்குத் தெரியாதுங்க.”

“அது நல்ல பதில்.” முதல்முறையாக அவன் முகம் இளகியது. “நான் தெரியும்னு நெனச்சேன்.”

குளிரில் அவன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மேவிஸ் நாற்காலியைத் திருப்பப் போனாள். அவன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான்.

“ரெண்டு விஷயம். எனக்கு மணி கெடையாது. சரி பண்ணி முடிச்ச பிறகும் என் பேரைச் சொல்லி யாரும் அடிக்கக் கூடாது. கேட்டியா ரோலண்டு?”

“வில்ஃப், அதெல்லாம்...”

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“இன்னொண்ணு. என்னை ஓக்டன் பக்கத்துல பொதைங்க. அங்க இடம் இருக்கு, நானே புல்லு வெட்டியிருக்கேன். இத்தனை வருஷமா அந்தாள் மேல துப்பியிருக்கேன். வர்றவங்க ரெண்டு பேர் மேலயும் ஒரே தடவையில துப்பிட்டுப் போகட்டும். வேலை மிச்சம்.”

ரோலண்ட் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைப் பார்த்தான். மேவிஸ் உருளையைக் கீழே வைத்தாள்.

“முடியாது.”

“என்னது?”

“முடியாதுன்னேன். யூ மரத்தடியில நமக்கு எடம் இருக்கு. எங்கம்மா அப்பா இருக்கற எடம். நீ அங்கதான் படுக்கப்போறே, நான் பக்கத்துல வருவேன். அந்த மீசைக்கார ஓக்டன் பக்கத்துல நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் என்னால படுத்துக் கெடக்க முடியாது. சரின்னு சொல்லிட்டு அப்புறம் என் இஷ்டத்துக்குச் செஞ்சிருக்கலாம். உனக்கா தெரியப்போகுது? ஆனா இப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்றேன். முடியாது.”

வில்ஃப் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான்.

“சரியான பிடாரி” என்றான் ரோலண்டிடம். “தள்ளுடா, குளிருது.”

*

கிறிஸ்துமஸ் கழிந்து கொத்தர்கள் வந்தார்கள். மொத்தக் கோபுரத்துக்கும் அனுமதி வர நாளாகும், அதுவரை விழுந்துவிடும் நிலையில் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கலாம் என்றாள் ஜூடித். எந்தப் பக்கம் என்று கேட்டபோது வில்ஃப் சன்னலைக் காட்டினான். அந்தப் பக்கம்தான் மோசம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

மேவிஸுக்கு அது தாங்கவில்லை. காலையில் முதல் உளிச் சத்தம் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். சன்னலைச் சாத்தப் போனாள்.

“திறந்து வை.”

“குளிரு.”

“இன்னொரு போர்வை போடு. திறந்து வை.”

அவன் கேட்டுக்கொண்டே கிடந்தான். ஒவ்வொரு சிமெண்ட் துண்டு விழும்போதும் கண்ணிமை துடித்தது. அது வலியா வேறு ஏதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. சிலசமயம் வாய்விட்டுப் பேசினான்.

“அந்த இடது கைக்காரன் உளியை ரொம்பச் சாய்க்கிறான். கல்லோட முனை போயிடும். போய்ச் சொல்லு.”

“நான் போய்க் கொத்தனுக்குச் சொல்லணுமா?”

“லெகட் சொன்னான்னு சொல்லு. இல்ல, வேண்டாம். என் பேரைச் சொன்னா இன்னும் சாய்ப்பான்.”

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் போய் இருமினான். தண்ணீர் நீட்டினாள். இந்தமுறை வாங்கிக்கொண்டான். ஆனால் அன்று மாலையே மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “அவ்வளவு ஒட்டிப்போச்சு அது. கழட்டும்போது நல்ல கல்லையும் இழுத்துக்கிட்டு வருது” என்றான், யாரிடமோ சொல்வதுபோல.

பிப்ரவரியில் ஒரு முற்பகல், கொத்தர்கள் தேநீருக்கு இறங்கியிருந்த நேரத்தில் வில்ஃப் போய்ச்சேர்ந்தான். சத்தம் நின்றதைக் கவனித்துத்தான் மேவிஸ் அறைக்குள் வந்தாள். அவன் முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மன்னித்தானா என்று அவள் கேட்டதே இல்லை, அவனும் சொன்னதே இல்லை.

அடக்கத்தன்று ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்ட வாசலுக்குள் நுழைந்தார்கள். ரோலண்டின் கையில் ஏதோ ஒரு பை.

“என்ன அது?” என்றாள் மேவிஸ்.

“பட்டைங்க. எண்ணெய் காஞ்சிருக்கும்னு எடுத்துக்கிட்டுப் போய் நேத்துப் போட்டேன். என்ன பண்றதுன்னு தெரியல மேவிஸ். கையில எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“வச்சுக்கோ. அவருக்குத்தானே வேண்டாம்னாரு. ஒரு நாள் உனக்கு வேணும்.”

ஊரே வந்திருந்தது. சிலர் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். ‘நம்ம வில்ஃப் காப்பாத்தினது’ என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி கோபுரத்தை நெருங்கியதும் சாரத்தின்மேல் இருந்த கொத்தர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி எழுந்து நின்றார்கள். காற்றும் இல்லை, பறவையும் இல்லை. கோபுரம் ஊமையாக நின்றது.

மேவிஸ் நடையை நிறுத்தினாள். பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள்.

“ஏம்ப்பா” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏன் நிறுத்திட்டீங்க?”

இடது கைக்காரன் குழப்பத்தோடு எட்டிப் பார்த்தான். “மரியாதைக்குங்கம்மா.”

“மரியாதை போதும். கொத்துங்க.”

“இப்பவா?”

“இப்பதான். நாங்க உள்ள போற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்புறம் உளியை அவ்வளவு சாய்க்காதே, கல்லோட முனை போகுது.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உட்கார்ந்து சுத்தியலை எடுத்தார்கள். சிமெண்டின்மேல் ஒரு அடி கணீரென்று விழுந்தது. அதன் பின்னாலிருந்த கல்லில் அடுத்தது மொத்தென்று விழுந்தது. மறுபடி கணீர், மறுபடி மொத்து. ரோலண்ட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

மேவிஸ் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். வழியெல்லாம் பழுப்புத்தூள் காலணியில் ஒட்டியது. அவள் துடைக்கவில்லை.